வியாழனும் என் செய்முறைப் பதிவேடும்

இளங்கலை முதலாண்டில் கூட்டு ஊசல் சோதனை செய்தபோது, புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 1083 என்று வந்தது. அது நம் பக்கத்தில் 978 சென்டிமீட்டரை ஒட்டி வரவேண்டும் என்பதை அறியாத இயற்பியல் மாணவர் இலர். அன்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டிய நாள். பக்கத்து மேசை நண்பன் என் அட்டவணையை ஒருமுறை பார்த்தான். "இருபது அலைவுக்குப் போட்டிருக்கிற நேரத்தோட எல்லாத்துலயும் ஒன்றரை செகண்டு கூட்டிப் போடுடா, சரியா வந்துடும்" என்றான். கூட்டிப் போட்டேன். 984 வந்தது. கையெழுத்தும் வந்தது.

இந்தப் பழைய குற்றத்தை இப்போது நினைவுபடுத்தியது வியாழன் கோள். சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில், வியாழனின் காந்தக் கோளத்துள் இருக்கும் பிளாஸ்மா வளையத்தைக் கணித மாதிரிகளின் துணையால் எவ்வாறு உருவாக்கிப் பார்க்கிறார்கள் என்பது பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்தார். "தம்பி, போகாத இடத்துக்குப் படம் போடுகிறார்கள். படம் பொருந்தவில்லை என்றால் எண்ணை மாற்றுகிறார்கள். இதற்கும் உங்கள் செய்முறைப் பதிவேட்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் விடை சொல்லவில்லை. அவர் கேட்டது விளையாட்டுக்காக இருக்கலாம், கேள்வி விளையாட்டானதன்று. அன்று சொல்லாத விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் அந்த வளையம் எது என்று சொல்லிவிடுகிறேன். கலீலியோ 1610-இல் தம் தொலைநோக்கியில் கண்ட நான்கு துணைக்கோள்களில் வியாழனுக்கு மிக அருகில் இருப்பது அயோ. (பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும், அந்தக் கோளின் நிலையைப் பார்த்தால் அதுவும் பொருத்தமே.) நம் நிலவைவிடச் சற்றே பெரியது. வியாழனின் நடுவிலிருந்து சுமார் 4,22,000 கிலோமீட்டரில், அதாவது வியாழனின் ஆரத்தைப்போல் 5.9 மடங்குத் தொலைவில், 42½ மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது.

1955-இல் அமெரிக்காவில் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவர் வியாழனிலிருந்து வானொலி அலைகள் வருவதைக் கண்டுபிடித்தனர். 1964-இல் பிக் என்பவர், அந்த இரைச்சல் அயோ இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது என்று காட்டினார். ஒரு சிறிய துணைக்கோள் ஒரு மாபெரும் கோளின் வானொலியை ஏன் ஆட்டிப் படைக்க வேண்டும்? அப்போது யாருக்கும் தெரியாது. 1973-இல் ராபர்ட் பிரவுன் அயோவிலிருந்து வரும் ஒளியில், நம் ஆய்வகச் சோடியம் விளக்கில் நாள்தோறும் பார்க்கிற அதே மஞ்சள் கோடுகளைக் கண்டார். 1976-இல் இஸ்ரேலிலிருந்து நோக்கிய வானியலாளர்கள் அயனியான கந்தகத்தின் ஒளியைக் கண்டனர். கந்தகம் எங்கிருந்து வந்தது?

விடை 1979 மார்ச்சில் வந்தது. அந்த மாதம் 2-ஆம் நாள் வெளியான ஒரு கட்டுரையில் பீல், காசன், ரெனால்ட்ஸ் ஆகிய மூவர், வியாழனின் ஓத விசை அயோவைப் பிசைந்து பிசைந்து உள்ளே உருக்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருந்தனர். 5-ஆம் நாள் வாயேஜர்-1 வியாழனைக் கடந்தது. 9-ஆம் நாள் லிண்டா மொராபிட்டோ என்ற பெண்மணி, விண்கலம் அனுப்பிய படமொன்றில் அயோவின் விளிம்பில் குடைபோல் எழும்பி நின்ற எரிமலைப் புகையைக் கண்டார்.

எரிமலைகள் கக்கும் கந்தக டை ஆக்சைடு சிதைந்து கந்தகமாகவும் ஆக்சிஜனாகவும் அயோவை விட்டு வெளியேறுகிறது. வினாடிக்குச் சுமார் ஒரு டன் என்பது மதிப்பீடு. எலெக்ட்ரான்கள் மோதி இவ்வணுக்கள் அயனிகளானதும் கதை மாறிவிடுகிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் காந்தப்புலமும் கூடவே சுற்றுகிறது. அயோ இருக்கும் தொலைவில் அந்தப் புலம் வினாடிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அயோவோ 17 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. மின்னூட்டம் பெற்ற அந்தக் கணமே அயனியைப் புலம் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது; ஓடும் பேருந்தின் கம்பியைப் பிடித்தவன் கதைதான். இப்படி இழுக்கப்பட்ட அயனிகளும் எலெக்ட்ரான்களும் சேர்ந்து வியாழனைச் சுற்றி உளுந்து வடை வடிவில் ஒரு வளையமாகின்றன. அதன் செறிவான பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 எலெக்ட்ரான்கள். நம் ஆய்வகப் பம்பு உண்டாக்கும் வெற்றிடம் இதைவிடப் பல கோடி மடங்கு நெரிசலானது. ஆயினும் இந்த வெறுமை புற ஊதா ஒளியில் வீசும் திறன் சுமார் இரண்டு இலட்சம் கோடி வாட்.

நிற்க. இனி மாதிரியின் கதைக்கு வருவோம்.

வாயேஜர்-1 அந்த வளையத்தின் வழியாக ஒரே ஒரு கோட்டில் சென்றது. ஒரு வடையில் ஊசியைக் குத்தி எடுத்து, ஊசியில் ஒட்டியதை வைத்து முழு வடையின் பக்குவத்தையும் சொல்ல வேண்டிய நிலை. ஃபிரான் பேகனலும் சல்லிவனும் 1981-இல் அதைத்தான் செய்தனர். அந்த ஒரு கோட்டில் கிடைத்த அளவீடுகளிலிருந்து வளையத்தின் குறுக்குவெட்டுப் படம் முழுவதையும் வரைந்து காட்டினர். எந்தத் துணிவில் வரைந்தனர்?

இங்கே நம் பாடத்திட்ட இயற்பியல் போதும். காந்தப்புலக் கோட்டை ஒரு வளைந்த கம்பி என்று கொள்ளுங்கள். அயனிகள் அதில் கோத்த மணிகள். கம்பியோடு சேர்ந்து மணிகளும் சுழல்வதால், மையவிலக்கு விசை அவற்றைச் சுழல் அச்சிலிருந்து மிகத் தொலைவான இடத்துக்குத் தள்ளும். அயனிகளின் வெப்ப இயக்கம் அவற்றை அங்கிருந்து இருபுறமும் பரப்பும். எடை குறைந்த எலெக்ட்ரான்கள் தப்பியோடப் பார்க்கும்; அயனிகளின் மின்னூட்டம் அவற்றைப் பிடித்து வைக்கும். இந்த மூன்றையும் சமன் செய்தால், கம்பியின் ஓரிடத்து அடர்த்தி தெரிந்தால் போதும், மற்ற இடங்களின் அடர்த்தி கணக்கில் வந்துவிடும். தடிப்புக்கு ஓர் எளிய வழியும் உண்டு. எலெக்ட்ரான் வோல்ட் அளவில் அயனிகளின் வெப்பநிலையை நிறை எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.64-ஆல் பெருக்கினால் விடை வியாழனின் ஆர அளவில் கிடைக்கும். 60 எலெக்ட்ரான் வோல்ட், சராசரி நிறை 24 என்று போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஓர் ஆரம், அதாவது 71,000 கிலோமீட்டருக்கு மேல். வளையத்தின் உட்பகுதியில் அயனிகள் ஒரு எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் குளிர்ந்து கிடப்பதால் அங்கே தடிப்பு பத்தில் ஒரு பங்கு ஆரந்தான். வெளியே வடை, உள்ளே தோசை!

வியாழனின் காந்த அச்சு சுழல் அச்சுக்குச் சுமார் 10 பாகை சாய்ந்திருப்பதால், மணிகள் போய்ச் சேரும் தளம் காந்த நடுக்கோட்டிலும் இல்லை, சுழல் நடுக்கோட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, சாய்வில் மூன்றில் இரண்டு பங்கில் இருக்க வேண்டும். வாயேஜர் புறப்படுவதற்கு முன்பே, 1974-இல், ஹில், டெஸ்லர், மிஷெல் ஆகியோர் இத்தளத்தைச் சுட்டியிருந்தனர். வாயேஜர் கண்ட வளையம் அவ்வாறே சாய்ந்திருந்தது.

இது வெற்றிப் பக்கம். பேராசிரியரின் கேள்வி இந்தப் பக்கத்தைப் பற்றியதன்று என்பதை அறிவேன். பொருந்தாத பக்கத்தைத் திருப்புவோம்.

விண்கலத்தின் பிளாஸ்மா கருவி, அயனியின் நிறையை அதன் மின்னூட்டத்தால் வகுத்த எண்ணைத்தான் அறியும். ஆக்சிஜன் ஒரு மின்னூட்டத்தோடு வந்தால் 16. கந்தகம் இரண்டு மின்னூட்டத்தோடு வந்தால் 32-ஐ 2-ஆல் வகுக்க, அதுவும் 16. வளையத்தின் முக்கியமான இரு சரக்குகளும் தராசில் ஒரே எடை காட்டின! ஆகவே எது எத்தனை பங்கு என்பதற்கு, புற ஊதா நிறமாலையின் துணையை நாட வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, ஒரே புலக்கோட்டில் எங்கும் வெப்பநிலை மாறாது என்று மாதிரி எடுத்துக்கொண்டது. நியாயமான எடுகோள்தான். ஆனால் அது எடுகோளே, அளவீடு அன்று. அவ்வாறே அது எழுதியும் வைக்கப்பட்டது.

1992 பிப்ரவரியில் யுலிசிஸ் விண்கலம் அந்த வளையத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்தது. வாயேஜரின் ஊசி படுக்கையாகப் போனது என்றால், இது நெடுக்காகப் போன ஊசி. நடுத்தளத்தை விட்டு விலக விலக எலெக்ட்ரான்களின் வெப்பநிலை மாறாமல் இருக்கவில்லை, ஏறியது. மாதிரியின் ஒரு செங்கல் விழுந்தது. எந்தச் செங்கல் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. முன்பே அதன்மேல் 'எடுகோள்' என்று எழுதியிருந்தார்களே! எலெக்ட்ரான்களின் வேகப் பகிர்வு நாம் படிக்கும் மேக்ஸ்வெல் பகிர்வாக இல்லாமல், வேகமானவை கூடுதலாக உள்ள வேறொரு பகிர்வாக இருந்தால் இந்த ஏற்றம் இயல்பாகவே வரும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். சுவர் முழுவதையும் இடிக்கத் தேவைப்படவில்லை.

இன்னொரு கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 1,000 கிலோகிராம். அதைப் புலம் பற்றும் வேகம் 74-இல் 17 போக 57 கிலோமீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1.6 இலட்சம் கோடி வாட் வரும். இதுதான் வளையத்தின் வருமானம். செலவோ, ஒளியாக வீசுவது மட்டும் 2 இலட்சம் கோடி வாட். போதாக்குறைக்கு வருமானத்தில் ஒரு பகுதி, வெளியே தப்பிப்போகும் அயனிகளோடும் அணுக்களோடும் போய்விடுகிறது. ஒரு டன் என்பதே தோராயம் என்பதால் இந்த எண்களை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. ஆயினும் விரிவாகக் கணக்கிட்டவர்களுக்கும் துண்டு விழுந்தது. 1980-களில் இதற்கு 'ஆற்றல் நெருக்கடி' என்றே பெயர் வைத்தார்கள்.

துண்டை நிரப்பியவை சுடு எலெக்ட்ரான்கள். மொத்த எலெக்ட்ரான்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவை. ஆனால் மற்றவற்றைவிடப் பல மடங்கு சூடானவை. இவற்றை மாதிரியில் சேர்த்ததும் வரவும் செலவும் நேராயின. 2003-இல் டெலமீரும் பேகனலும் அமைத்த வளைய மாதிரியில் ஐந்து திருகுகள் இருந்தன: வினாடிக்கு எவ்வளவு சரக்கு வருகிறது, அதில் ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் என்ன விகிதம், வந்த சரக்கு எத்தனை நாள் தங்குகிறது, சுடு எலெக்ட்ரான்கள் எவ்வளவு, அவற்றின் வெப்பநிலை என்ன. திருகுகளைச் சரியாகத் திருகினால் விண்கலங்கள் கண்ட நிறமாலை அப்படியே வரும்.

பேராசிரியரின் கேள்விக்கு மிக வலுவான சான்று இதுதான் என்பதை நான் மறைக்கவில்லை. என் ஒன்றரை விநாடிக்கும் இந்தச் சுடு எலெக்ட்ரான்களுக்கும் முதற்பார்வையில் வேறுபாடு தெரியாது. இரண்டுமே விடை பொருந்துவதற்காகச் சேர்த்தவை. ஐந்து திருகுகள் உள்ள பொறியில் பொருத்தம் வருவது ஒரு பெரிய செய்தியும் அன்று. ஒரு திருகைத் தளர்த்தி இன்னொன்றை முறுக்கினாலும் ஓரளவு அதே படம் வரக்கூடும். 'மாதிரி ஒத்துப்போகிறது' என்ற வாக்கியத்தைக் கண்டதும் 'ஆகவே புரிந்துவிட்டது' என்று எழுதும் அறிவியல் கட்டுரையாளர்கள்மீது எனக்குக் கோபமே உண்டு. தமிழில் 'மாதிரி' என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் 'போல' என்றும் பொருள். அதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வேறுபாடு உண்டு. சுடு எலெக்ட்ரான்கள் ஆளில்லாத இடத்தில் புனையப்பட்டவை அல்ல. வாயேஜரின் கருவியே அவற்றின் இருப்பைக் காட்டியிருந்தது. எவ்வளவு, எங்கிருந்து என்பவைதாம் தெரியாதவை. தெரியாததைத் திருகு என்று பெயரிட்டு, வெளியே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். வெளியே இருந்ததால்தான் அடுத்தவர் அதைத் தேடிப்போக முடிந்தது. 2013 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய ஹிசாகி என்ற சிறு செயற்கைக்கோள், பூமியைச் சுற்றிக்கொண்டே வியாழ வளையத்தின் புற ஊதா ஒளியைப் பல ஆண்டுகள் நோக்கியது. காந்தக் கோளத்தின் வெளிப்பகுதியிலிருந்து சுடு எலெக்ட்ரான்கள் உள்நோக்கி வந்து சேர்கின்றன என்பதற்கு அதன் அளவீடுகள் சான்று தந்தன. நான் கூட்டிய ஒன்றரை விநாடியை யார் தேடிப் போயிருப்பார்கள்? அது எங்கே இருக்கிறது என்பதே எனக்கும் என் நண்பனுக்கும் மட்டுந்தான் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பொருந்தாமை இனிமேல்தான் வருகிறது. வியாழனின் காந்தப்புலம் ஒருமுறை சுற்ற 9.925 மணி ஆகிறது. வளையத்தின் ஒளி அதே கணக்கில் கூடிக் குறைய வேண்டும். ஆனால் வாயேஜரின் நிறமாலைப் பதிவுகளை ஆராய்ந்த சாண்டலும் டெஸ்லரும், 1988-இல், 10.22 மணி என்ற இன்னொரு காலத்தையும் கண்டனர். மூன்று சதவீத வேறுபாடு. நம் செய்முறை வகுப்பில் மூன்று சதவீதம் என்றால் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள்! அவர்கள் அதைப் பிழை என்று துடைக்காமல் அதற்கெனத் தனியாக 'நான்காம் முறைமை' என்று ஒரு காலக்கணக்கே வகுத்தனர்.

2000-ஆம் ஆண்டு இறுதியில் சனியை நோக்கிப் போகும் வழியில் காசினி விண்கலம் வியாழனைக் கடந்தது. பல மாதங்கள் வளையத்தை நோக்கியதில் 10.07 மணி என்று வந்தது. பழைய எண்ணும் அன்று, கோளின் எண்ணும் அன்று. அதோடு, அயனிகளின் விகிதம் வளையத்தைச் சுற்றி மாறும் அளவும் சுமார் 29 நாளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்கியது. 9.925-ஐயும் 10.07-ஐயும் வைத்து, ஒலியியலில் விம்மல் கணக்குப் போடுவது போலப் போடுங்கள். 29 நாள் கிடைக்கும். இரண்டு இசைக்கவைகளை ஒன்றாகத் தட்டிக் கேட்ட விம்மல்தான் அங்கே இலட்சக்கணக்கான கிலோமீட்டர் அளவில் நடந்திருக்கிறது. ஸ்டெஃபல், டெலமீர், பேகனல் ஆகியோர் 2008-இல், சுடு எலெக்ட்ரான்களை இரண்டு அலைகளாக, ஒன்று கோளின் கணக்கிலும் மற்றது 10.07 கணக்கிலும் சுற்றவிட்டு, காசினி கண்டதை மாதிரியில் கொண்டுவந்தனர்.

இரண்டாம் அலை ஏன் அந்த வேகத்தில் சுற்ற வேண்டும்? மாதிரி அதைச் சொல்லவில்லை. அந்த அலை கையால் வைக்கப்பட்டது. வளையத்தில் புதிதாகச் சேரும் சரக்கின் சுமையால் பிளாஸ்மா சற்றுப் பின்தங்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பின்தங்கல் மட்டுமே விடையாகுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இந்த மாதிரியை நான் விளக்கம் என்று ஏற்கமாட்டேன். ஒழுங்காக எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் என்று மதிப்பேன். விளக்கம் இன்னும் வரவேண்டும் என்பது அதைப் படிக்கிற எவருக்கும் தெரியும்படி அது எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகவே மதிப்பேன்.

2016-இல் வியாழனை அடைந்த யூனோ, அதன் காந்தப்புலத்தை முன்பிருந்ததைவிட மிக நுட்பமாக அளந்தது. அதன்பின், மணிகள் போய்ச் சேரும் அந்தத் தளமே சரியான தட்டை அன்று, அலை அலையாக நெளிந்தது என்று திருத்தினார்கள். 2023-இல் ஜூஸும் 2024-இல் யூரோப்பா கிளிப்பரும் வியாழனை நோக்கி ஏவப்பட்டுள்ளன. இன்று நாம் வைத்திருக்கும் படத்தில் இன்னும் சில செங்கற்கள் விழத்தான் போகின்றன.

இனி நம் ஆய்வகத்துக்கு வருவோம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நாங்கள் அளவீடுகளைச் 'சமைக்க'க் காரணம் சோம்பல் மட்டுமன்று. 978 வந்தால் பத்துக்குப் பத்து, 1083 வந்தால் 'மறுபடி செய்' என்பதுதான் முறை. மறுபடி செய்ய நேரம் கிடையாது. ஊசலுக்கு முன் அடுத்த அணி வந்து நிற்கும். பதிவேட்டில் விடைக்குக் கீழே இரண்டு வரி இடம் விடச் சொல்லுங்கள். எவ்வளவு விலகியது, எங்கே விலகியிருக்கக்கூடும் என்று மாணவர் எழுதட்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்த இரண்டு வரிக்குக் கொடுங்கள். வாயேஜர், கலீலியோ விண்கலங்களின் அளவீடுகள் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி உள்ளன. வளையத்தின் தடிப்புக் கணக்கை நம் துறைக் கணிப்பொறியிலேயே போடலாம். முதுகலை மாணவர்க்கு அதையே ஒரு செய்முறையாக வைத்தால், விடை தெரியாத சோதனை ஒன்றையாவது செய்து பார்த்த அனுபவம் கிடைக்கும்.

என் 1083 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கருத்தரங்கு முடிந்த அன்று இரவு பழைய கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 1083-ஐ 978-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.052. இருபதைப் பத்தொன்பதால் வகுத்தாலும் ஏறத்தாழ அதேதான். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும்போது 'பூச்சியம்' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று தொடங்கியிருக்கிறேன். இருபது என்று நான் நினைத்ததெல்லாம் பத்தொன்பது அலைவுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த எண்ணை அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கே கண்டிருப்பேன். பதிவேட்டில் இன்னும் 984 என்றுதான் இருக்கிறது, சிவப்பு மையில் கையெழுத்தோடு.